சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி?

நம் வணிகப் பெருமக்களின் வீடுகளில் கல்லாவில் உட்கார வேண்டிய பிள்ளைகள் பலர் இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அரசு வங்கிகளுக்கான பொதுத் தேர்வு 2011ல் வந்தது. அதே ஆண்டில்தான் ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்விலும் திறனறித் தாள் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். இவற்றில் கணக்கோடு கூட 'ரீசனிங்' என்று ஒரு பகுதி உண்டு. அதாவது தர்க்கம். நம் பேத்தியும் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை அடைத்திருந்த நேரத்தில், புத்தகத்தை எடுத்து வந்து நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். நாற்பது வருடம் மொத்த வியாபாரம் பார்த்த நாம் அதில் தோற்றோம். தோற்ற கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது.

கூற்று: 'எங்கள் ஜவுளிக் கடையில் ஆடித் தள்ளுபடி. எல்லாத் துணிகளுக்கும் 30 சதவீதம் விலைக் குறைப்பு. இன்றே வாருங்கள்.'

அனுமானம் 1: விலை குறைந்தால் துணி வாங்கச் சிலராவது வருவார்கள்.

அனுமானம் 2: கடையில் பழைய சரக்கு தேங்கிக் கிடக்கிறது.

இந்தக் கூற்றுக்குள் சொல்லாமல் அடங்கியிருப்பது எது? ஒன்று மட்டுமா, இரண்டு மட்டுமா, இரண்டுமா, எதுவும் இல்லையா?

நாம் யோசிக்கவே இல்லை. "இரண்டும்தான்" என்றோம். விடை 'ஒன்று மட்டும்' என்றாள்.

"ஏங்கண்ணு, ஆடியிலே எதுக்குத் தள்ளுபடி போடறாங்கன்னு ஊருக்கே தெரியுமே?"

"ஊருக்குத் தெரியுங்க அப்பாரு. ஆனா அந்த விளம்பரம் நிக்கறதுக்கு அது வேணுமா?"

அந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஜவுளிக் கடைக்காரர்கள் ஆடிக்கென்றே தனியாகச் சரக்கு இறக்குவதை நாமே பார்த்திருக்கிறோம். பழைய சரக்கு ஒரு துண்டுகூட இல்லாத கடையும் அதே விளம்பரத்தைப் போடலாம். ஆனால் 'விலை குறைந்தாலும் ஒருவரும் வரமாட்டார்கள்' என்று கடைக்காரர் நினைத்தால், விளம்பரம் போட்ட காசு அவருக்குத் தண்டம். ஆகவே முதல் கருத்து இல்லாமல் அந்த விளம்பரமே இல்லை. இரண்டாவது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

விடை காணும் வழியும் இதுவே. கொடுத்திருக்கும் அனுமானத்தை அப்படியே மறுத்துப் பார்ப்பது. மறுத்தவுடன் கூற்று சரிந்து விழுந்தால் அது உள்ளே இருக்கிறது. கூற்று அசையாமல் நின்றால் அது வெளியிலிருந்து நாம் கொண்டு போனது. கட்டடத்தில் எந்தத் தூணை எடுத்தால் மேல்தளம் இறங்கும் என்று பார்ப்பது போலத்தான். ஒரு தூண் அழகாக இருக்கலாம், உறுதியாகவும் இருக்கலாம். அதன்மேல் பாரம் உட்காரவில்லை என்றால் அது இந்தக் கணக்கில் சேராது.

இன்னொரு மயக்கமும் உண்டு. கூற்றிலிருந்து பிறகு நாம் எடுக்கும் முடிவையும், கூற்றுக்கு முன்பே இருக்கும் கருத்தையும் பிள்ளைகள் ஒன்றாக்கிக் கொள்கிறார்கள். 'ஆடியில் இந்தக் கடையில் கூட்டம் இருக்கும்' என்பது முடிவு. அது மாடி. 'விலை குறைந்தால் சிலர் வருவார்கள்' என்பது கடக்கால். மாடியைக் காட்டிக் கடக்கால் என்று ஏமாற்றும் கேள்விகள் நிறைய வருகின்றன. போதாக்குறைக்கு, புத்தகங்களில் 'அனுமானம்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டு விடுகிறார்கள். நாம் இனி இந்தக் கட்டுரையில் கடக்காலை மட்டும் 'உட்கிடை' என்று சொல்லுவோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த படிப்பு என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். நம் கடைக்கு வழக்கமாக வரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "இதை எழுதி வைத்தவர் உங்கள் தொழில்காரர்தான்" என்றார். மணிமேகலையைப் பாடிய சாத்தனாருக்குக் கூலவாணிகன் என்று பட்டம். கூலம் என்றால் தானியம். தானிய வியாபாரி! உ.வே.சாமிநாதையர் 1898ல் அச்சேற்றிய அந்த நூலில் 29ஆவது காதை முழுவதும் தர்க்கமே. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பாடம் சொல்லுவதாக அது அமைந்திருக்கிறது.

அந்தப் பாடத்தில் வரும் உதாரணம் நம் தொண்டாமுத்தூர்க்காரர்களுக்கு மிகவும் பொருந்தும். காலையில் கடை திறக்கும்போது மேற்கே பார்த்தால் வெள்ளியங்கிரி மலைத் தொடர் தெரியும். மலைமேல் புகை தெரிகிறது; 'மலையில் தீப்பிடித்திருக்கிறது' என்கிறோம். இந்த ஒரு பேச்சை அறவண அடிகள் ஐந்து உறுப்பாகப் பிரிக்கிறார். 'இந்த மலையில் நெருப்பு உண்டு' என்பது பக்கம். 'புகை இருப்பதால்' என்பது ஏது. 'புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல' என்பது திட்டாந்தம். 'இந்த மலையும் புகையுடையது' என்பது உபநயம். 'ஆகவே நெருப்புடையது' என்பது நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்றும் அவரே சொல்லுகிறார்.

நாம் பேசும்போது இவற்றில் எதை விட்டுவிடுகிறோம் என்று கவனியுங்கள். 'மலையில் நெருப்பு, புகை தெரிகிறது' என்று முதல் இரண்டை மட்டும் சொல்லுகிறோம். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பை, அதாவது மூன்றாவது உறுப்பை, யாரும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறோம். வங்கித் தேர்வில் கேட்பது அந்த மூன்றாவது உறுப்பைத்தான்.

இன்னொன்றும் சொன்னார் ஆசிரியர். மலைமேல் தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற சந்தேகம் தீராமல் இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பைச் சாதிப்பது குற்றம் என்று அதே காதையில் இருக்கிறதாம். மார்கழியில் அந்த மலையைப் பார்ப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 'புகை இருக்கிறது' என்று நாம் சொல்லும் காரணத்துக்குள்ளேயே 'அது பனி இல்லை' என்ற உட்கிடை ஒளிந்திருக்கிறது. தொடர்பில் மட்டுமல்ல, காரணத்திலும் உட்கிடை இருக்கும் என்று தெரிந்து கொள்ளலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது நமக்கு நினைவில் வந்தது தேர்வு அல்ல, பழைய வெங்காயக் கணக்கு ஒன்று.

சில வருடங்களுக்கு முன் பாலக்காட்டுப் பக்கத்து வியாபாரி ஒருவருக்குச் சின்ன வெங்காயம் அனுப்பிக் கொண்டிருந்தோம். நல்ல மனிதர், பணம் இழுத்தடித்ததில்லை. ஒரு திங்கட்கிழமை போனில் கூப்பிட்டு, "போன வாரம் மாதிரியே நூறு மூட்டை ஏற்றி விடுங்கள்" என்றார். ஏற்றி விட்டோம். போன வாரத்துக்கும் அந்த வாரத்துக்கும் நடுவில் கிலோவுக்கு 9 ரூபாய் ஏறியிருந்தது. நாம் அன்றைய விலைக்குப் பில் போட்டோம். அவர் போன வார விலைக்குப் பணம் அனுப்பினார். மூட்டைக்கு 50 கிலோ வீதம் 5000 கிலோ. வித்தியாசம் 45,000 ரூபாய். "போன வாரம் மாதிரியே" என்றதில் விலையும் சேர்த்தி என்பது அவர் உட்கிடை. சரக்கின் தரமும் அளவும் மட்டும்தான், விலை என்றைக்குமே அன்றன்றைக்குத்தான் என்பது நம் உட்கிடை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருமே ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மூன்று மாதம் பேச்சு வார்த்தை நின்று போய், கடைசியில் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம். 22,500 ரூபாய் போனது பெரிதல்ல. பதினோரு வருடத்து வாடிக்கை அதற்குப் பிறகு பழைய மாதிரி இல்லை.

இப்படிச் சொல்லாமல் விட்டதை யார் சொன்னதாக எடுத்துக் கொள்ளுவது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இதற்கானது. ஒப்பந்தத்தில் விலை சொல்லாமல் விட்டால், அந்த இருவருக்குள் வழக்கமாக நடந்துவரும் முறையைப் பார்த்து விலையைத் தீர்மானிக்கலாம். அதுவும் இல்லையென்றால் நியாயமான விலை கொடுக்க வேண்டும். நம் விஷயத்தில் வழக்கம் எது என்பதிலேயே தகராறு வந்திருக்கும் என்பது வேறு. அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு இன்னும் சுவாரசியமானது. பொதுவாகத் தரத்துக்கு விற்றவர் பொறுப்பு என்று சொல்லாத நிபந்தனை எதுவும் கிடையாது, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறது. பிறகு விதிவிலக்குச் சொல்லுகிறது. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி, அவர் வழக்கமாக விற்கும் சரக்கை வாங்கினால், அந்தக் காரியத்துக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும். விதை வெங்காயம் கேட்டு வந்தவரிடம் சமையல் வெங்காயத்தைக் கொடுத்துவிட்டு, 'முளைக்கும் என்று நான் சொன்னேனா?' என்று கேட்க முடியாது. 17ஆவது பிரிவு மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது. மொத்தச் சரக்கும் காட்டிய மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. ஆக, வியாபாரிகள் சொல்லாமல் விடுவார்கள் என்று தெரிந்தே சட்டம் சில உட்கிடைகளை எழுதி வைத்திருக்கிறது.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் பலரும் பட்ட அடியும் இந்த வகைதான். 'பில் இருக்கிறது, வரியோடு பணம் கொடுத்தாகிவிட்டது, ஆகவே உள்ளீட்டு வரி வரவு நமக்கு உண்டு.' இதில் உட்கிடை எது? விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டியிருக்கிறார் என்பது. மறுத்துப் பாருங்கள், வரவு விழுந்துவிடும். சட்டத்தின் 16ஆவது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. 2022 ஜனவரி முதல், விற்றவர் தன் கணக்கில் அந்தப் பில்லைக் காட்டி, அது நமக்கு வந்து சேர்ந்திருக்கவும் வேண்டும். ஆடிட்டரிடம் கேட்டால் 2பி என்பார். மாதாமாதம் அதைப் பார்க்காமல் பணம் பட்டுவாடா செய்பவர்கள் புகையா பனியா என்று பார்க்காதவர்கள்.

இனி நமக்கு மிகவும் சூடான ஒரு விஷயத்துக்கு வருவோம். பேத்தி கேட்கவில்லை, நாமாகவே இதைக் கேள்வியாக எழுதி அவளிடம் கொடுத்தோம்.

2019 செப்டம்பர் 29ஆம் தேதி மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அதே நாளில் இருப்புக்கும் வரம்பு விதித்தது. மொத்த வியாபாரிக்கு 500 குவிண்டால், சில்லறை வியாபாரிக்கு 100 குவிண்டால். 500 குவிண்டால் என்றால் 50 டன், நம் கணக்கில் ஆயிரம் மூட்டை. டிசம்பரில் மொத்த வியாபாரிக்கு அதையும் பாதியாக்கி 25 டன் ஆக்கினார்கள். அந்த மாதம் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும்.

கூற்று: 'வெங்காய விலை ஏறிவிட்டது. விலையை இறக்க, வியாபாரிகள் இன்ன அளவுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது.'

அனுமானம் 1: வரம்புக்கு மேல் இருப்பு வைத்திருப்பவர்கள், அல்லது வைக்கக் கூடியவர்கள், சிலராவது இருக்கிறார்கள்.

அனுமானம் 2: அந்த இருப்பு வெளியே வந்தால் விலையில் மாற்றம் தெரியும்.

அனுமானம் 3: மொத்த வியாபாரிகள் எல்லோரும் பதுக்கல்காரர்கள்.

அப்போது நாமும் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். ஒன்றரைப் பக்கம். அதில் ஒன்றேகால் பக்கம், 'நாங்கள் பதுக்கல்காரர்கள் அல்ல, பரம்பரையாக நாணயமாக வியாபாரம் செய்பவர்கள், எங்களை எல்லாம் குற்றவாளி ஆக்கலாமா?' என்பதுதான். கோபத்தில் எழுதியது. நம் கடையில் ஒருநாளும் ஆயிரம் மூட்டை இருந்ததில்லை என்பதால் கோபம் இன்னும் அதிகம்.

பேத்தி அந்த மூன்றையும் மறுத்துப் பார்த்தாள். 'எல்லோரும் பதுக்கல்காரர்கள் அல்ல' என்று வைத்துக்கொண்டால் ஆணை விழுகிறதா? இல்லை. நூற்றில் நான்கு பேர் பதுக்கினாலும் அந்த ஆணையை நியாயப்படுத்தலாம். ஆகவே மூன்றாவது உள்ளே இல்லை. அது நாமாகக் கொண்டு போய் மாட்டிக் கொண்டது. நம் மனு முழுவதும் பாரமே தாங்காத ஒரு தூணைப் பிடித்து ஆட்டியிருக்கிறது.

இரண்டாவதை மறுத்தால்? 'இருப்பு வெளியே வந்தாலும் விலை மாறாது; ஏனென்றால் சரக்கே இல்லை.' இங்கேதான் ஆணை ஆட்டம் காண்கிறது. அந்த வருடம் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மழை மிஞ்சி, வயலிலேயே வெங்காயம் அழுகியது. சந்தைக்கு வரத்துக் குறைந்ததற்கு அதுவே பெரிய காரணம். இதை முதல் வரியில் வைத்து, எந்த நாளில் எத்தனை மூட்டை வரத்து, எத்தனை மூட்டை விற்பனை, ராத்திரி கடை அடைக்கும்போது மீதி எவ்வளவு என்று நம் நோட்டிலிருந்தே எடுத்து எழுதியிருந்தால், படிக்கும் அதிகாரிக்குப் பதில் சொல்ல ஒரு விஷயம் இருந்திருக்கும். முதல் அனுமானத்தைப் பற்றி நாம் வாய் திறக்க முடியாது. எங்குமே ஒருவரும் கூடுதலாக வைத்திருக்கவில்லை என்று சத்தியம் செய்ய நம்மால் ஆகாது. செய்தாலும் யார் நம்பப் போகிறார்கள்?

மனுவுக்குப் பதில் வரவில்லை. வராததற்கு அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு குறிப்புகள் சொல்லிவிடுகிறோம். 'எல்லா', 'மட்டும்', 'ஒரே', 'எப்போதும்' என்ற சொற்கள் அனுமானத்தில் வந்தால் பேனாவை நிறுத்த வேண்டும். கூற்றிலேயே அந்த அழுத்தம் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது வெளிச் சரக்கு. மேலே உள்ள மூன்றாவது அனுமானம் அதற்குச் சாட்சி. 'சிலராவது', 'முடியும்', 'ஓரளவு' என்று தணிந்து வருவது பெரும்பாலும் உள்ளே இருக்கும். 'செய்ய வேண்டும்' என்று யோசனை சொல்லும் கூற்றில், அது செய்யக் கூடியது என்பதும், செய்தால் பயன் உண்டு என்பதும் எப்போதும் உட்கிடை. 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்று பலகை வைத்தால், வைக்காவிட்டால் சிலர் நிறுத்துவார்கள் என்பதும், படித்துவிட்டுச் சிலராவது கேட்பார்கள் என்பதும் உட்கிடை. கேட்பார்களா என்பது நம் கடைவீதியில் வேறு கதை. தேர்வில் அந்தக் கதை வேண்டாம். வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும் என்பதால், உலக அனுபவம் அதிகம் உள்ள பிள்ளைகள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். கடையில் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு ஆடித் தள்ளுபடி என்றால் தேங்கிய சரக்குதான் கண்ணில் தெரியும்.

கடைசியாக, நம் கடைகளில் தொங்கும் ஒரு பலகையையே கேள்வியாக்கினோம். 'இன்று ரொக்கம், நாளை கடன்.' இதில் உட்கிடை எது என்று பேத்தியைக் கேட்டோம். வருபவர்களில் சிலர் கடன் கேட்பார்கள் என்பதை உடனே சொன்னாள். சரிதான், கேட்பவரே இல்லாத கடையில் பலகை எதற்கு? இன்னொன்று இருக்கிறது, அதை மறுத்தால் கடைக்காரர் மறுநாள் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றோம். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக் கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"அந்தப் பலகை நாளைக்கும் அங்கயேதான் தொங்குங்க, அப்பாரு."